மெனு கார்டு இல்லாத கடைகள்

செப்டம்பர் 7, சனி

இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தது போதும். பேசினால் சண்டை வரும் என்று பொறுத்துக்கொண்டேன். இனி எழுதிவைக்கப்போகிறேன். நான்கைந்து வாரம் எழுதிய பிறகு ஒழுங்குபடுத்தி, மூன்று பேருக்கும் தனித்தனிக் கடிதமாக அனுப்புவதாக எண்ணம்.

மூன்று பேர் என்றால் தனசிங், நிஜாமுதீன், பூவராகன். ஆறாம் வகுப்பில் பெரம்பூர்ப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். ஐம்பத்து மூன்று வயதிலும் பெஞ்சு கலையவில்லை. தனசிங் ரயில்வே பட்டறையில் பொறியாளர். நிஜாம் பேப்பர் மில்ஸ் சாலையில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். பூவராகன் வங்கி மேலாளராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவன். அவனைப் பள்ளி நாளிலிருந்தே பூவா என்றுதான் கூப்பிடுவோம். வடசென்னையில் பூவா என்றால் சோறு. அவனுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது. மூவருக்கும் பணத்துக்குக் குறைவில்லை. இதைக் குறிப்பிடக் காரணம் உண்டு.

பத்து வருடமாகச் சனிக்கிழமை மாலை சேர்ந்து சாப்பிடுகிறோம். முன்பெல்லாம் புரசைவாக்கத்தில் ஒரு நல்ல ஓட்டல். குளிரூட்டிய அறை, துணி விரித்த மேசை. கடந்த ஜூன் மாதக் கடைசியில் தனசிங் திடீரென்று ஒரு சட்டம் போட்டான். மெனு கார்டு வைத்திருக்கும் கடைக்கு இனிப் போகக் கூடாதாம்.

"கார்டு அடிச்சு வச்சான்னா சமைக்கிறதுல அவனுக்கே நம்பிக்கை இல்லன்னு அர்த்தம்டா" என்றான்.

நிஜாமுக்கு அன்றைக்குப் பார்த்து சைனஸ் வந்தது. ஏசியில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பூவா வங்கி அட்டையைத் தேய்த்தால் அவன் மனைவி கைபேசிக்குச் செய்தி போகிறதாம். ஒரே வாரத்தில் மூன்று பேருக்கும் மூன்று காரணம். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. வயதாக ஆகக் கஞ்சத்தனம்.

அன்றிலிருந்து தள்ளுவண்டி, நடைபாதை, முட்டுச்சந்து என்று அலைகிறோம். இன்று ரயில் நிலையத்துக்கு வெளியே சுண்டல் வண்டி. பலகையில் 'சூடான மசாலா சுன்டல்' என்று எழுதியிருக்கிறான். வண்டிக்காரர் ஏகாம்பரத்திடம் இரண்டாவது மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், மூன்று சுழி போட வேண்டும் என்று.

"சார், துன்றவன் சுழியப் பாக்க மாட்டான் சார். மேல போட்ட வெங்காயத்ததான் பாப்பான்."

"பார்க்கிறவன் ஒருத்தன் இருக்கிறேனே."

"உங்க ஒருத்தருக்கோசரம் பெயிண்டரக் கூப்ட்டா, அவன் மூணு சுழிக்கு மூணு மடங்கு கேப்பான்."

தனசிங் சிரித்ததில் அவன் தட்டிலிருந்த சமோசாத் தூள் என் சட்டையில் தெறித்தது. பட்டாணி பதமாக வெந்திருந்தது. மேலே பிழிந்த எலுமிச்சை, பொடியாக நறுக்கிய மாங்காய். இரண்டு தட்டு சாப்பிட்டேன். குறை சொல்ல வேண்டுமே என்பதற்காக இல்லாததை எழுத மாட்டேன்: சுண்டல் நன்றாக இருந்தது.

செப்டம்பர் 8, ஞாயிறு

காலையில் மாவு அரைத்தேன். என் மனைவி மங்கை பள்ளி விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். கீரை ஆய்ந்தேன். மதியம் கடிதத்தைத் தொடங்கினேன். 'நண்பர்களுக்கு' என்று எழுதி அடித்தேன்.

நிஜாமுக்கு எழுத வேண்டியதில் முதலாவது, ஜூன் முதல் சனிக்கிழமை. நான் கல்லூரியிலிருந்து விலகிய வாரம் அது. (விலகினேன், விலக்கப்படவில்லை. முதல்வர் பதவியை என்னைவிட ஆறு வருடம் இளைய சிவப்பிரகாசத்துக்குக் கொடுத்த பிறகு அங்கே ஒரு தமிழ்ப் பேராசிரியன் உட்கார்ந்திருக்க முடியாது. இப்போது ஆய்வில் இருக்கிறேன்.) புரசைவாக்கத்தில் சாப்பிட்டு முடித்ததும், நான் பணப்பையை எடுப்பதற்குள் நிஜாம் நான்கு பேருக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டான், மகாராஜா மாதிரி. யார் கேட்டார்கள்? இரண்டு வாரம் அவனோடு பேசவில்லை. பிறகு பேசினேன், ஆனால் மறக்கவில்லை.

செப்டம்பர் 14, சனி

மாலை ஆறரைக்குப் பூவா வந்தான். நடந்தே வந்தான். நான் ஜூலையில் ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டேன். எங்கள் தெருவில் நிறுத்த இடமில்லை, நடப்பதும் உடம்புக்கு நல்லது. இவனுக்கு வீட்டில் கார் இருக்கிறது. அதைக் கழுவிக் கழுவி வைத்திருக்கிறான், ஓட்டுவதில்லை.

"தொப்பையப் பாத்தியா வாத்தி. நடந்தாத்தான் கரையும்" என்று சொல்லிக்கொண்டே வழியில் இரண்டு இடத்தில் வடை வாங்கினான்.

வியாசர்பாடியில் அத்தோ சாப்பிட்டோம். பர்மாவிலிருந்து திரும்பிவந்த குடும்பங்கள் கொண்டுவந்த சாப்பாடு. கடைக்காரர் ஆரஞ்சு நிற நூடுல்ஸை அள்ளிப்போட்டு, முட்டைகோஸ், வறுத்த வெங்காயம், நொறுக்கிய தட்டை, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் கையாலேயே பிசைகிறார். அந்தக் கை நிற்பதே இல்லை. கூடவே வாழைத்தண்டு சூப். எத்தனை முறை கேட்டாலும் ஊற்றுகிறார்கள்.

உட்கார இடமில்லை. தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றோம். இந்த மாதிரிக் கடைக்குக் கையேந்தி பவன் என்று பெயர் வைத்தவன் யார் என்று தெரியவில்லை. சிரிப்பாக வைத்திருப்பான். 'ஏந்துதல்' என்ற சொல்லுக்கு இரண்டு முகம் உண்டு. குழந்தையையும் ஏந்தலாம், திருவோட்டையும் ஏந்தலாம் என்று இவர்களுக்கு விளக்கினேன்.

"மொதல்ல சூப்ப ஏந்து, ஆறிடும்" என்றான் தனசிங்.

பிறகு நிஜாம் கேட்டான்: "சிவப்பிரகாசம் புதுசா எதுனா சர்க்குலர் விட்டாராடா?"

விட்டிருந்தார். பழைய மாணவன் ஒருவன் படம் எடுத்து அனுப்பியிருந்தான். 'மாணவர்கள் வகுப்பரைக்குள் கைபேசியை அனைத்து வைக்கவும்' என்று இரண்டு தவறு. வகுப்பறை அரையாகிவிட்டது. கைபேசியை அணைக்கச் சொல்வதற்குப் பதில் எல்லாவற்றையும் வைக்கச் சொல்லிவிட்டார். அதை அவர் குரலில், அவர் கழுத்தை ஆட்டுவது போல ஆட்டிப் படித்துக் காட்டினேன். நிஜாமுக்குப் புரையேறிவிட்டது. அத்தோக்காரரே கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"இவன் பேச்சுக்கே டிக்கெட் போடலாம்டா" என்றான் பூவா.

திரும்பும்போது ஜீவா ரயில் நிலையத்துப் பக்கம் காற்று குளிர்ந்து வந்தது. கடிதத்தில் இந்த வாரத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 18, புதன்

மங்கைக்குக் காய்ச்சல். ரசம் வைத்தேன். நன்றாக இருக்கிறது என்றாள். காய்ச்சல்காரி சொன்னது கணக்கில் வராது.

செப்டம்பர் 21, சனி

புரட்டாசி முதல் சனிக்கிழமை. பூவா நெற்றியில் பெரிய நாமத்தோடு வந்தான். ஒரு மாதத்துக்கு முட்டைகூட ஆகாது. அதனால் செம்பியத்தில் கௌசல்யாக்காவின் பொடி தோசைக் கடை.

வாசலிலேயே தனசிங் நின்றுவிட்டான். பெஞ்சின் மேல் பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் அட்டை.

"பேக் அடி. கார்டு வச்சிட்டாங்க" என்றான்.

"இன்னாண்ணே திரும்பிட்ட?" என்று அக்கா தோசைக் கரண்டியோடு வெளியே வந்தார்.

"இன்னாக்கா நீயும் கார்டு அடிச்சிட்ட?"

"அது என் மருமவ பண்ண வேல. போன்ல ஆர்டர் குடுக்கறவங்களுக்காம். உனுக்கு இன்னா, நீ வாய்ல கேளு, நான் கைல குடுக்கறேன்."

"எங்களுக்குள்ள ஒரு சட்டம் இருக்குதுக்கா."

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தார். அட்டையை எடுத்து அடுப்புக்கு இரண்டு விசிறு விசிறினார். "இந்தா. இப்ப இது விசிறி. உள்ள வா."

உட்கார்ந்தோம். நான் விசிறியைக் கை நீட்டிக் கேட்டேன். எழுத்துப் பிழை பார்க்கலாமே என்றுதான். தனசிங் பாய்ந்து பிடுங்கித் தன் தொடைக்கு அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டான். விலையைப் பார்த்தால் அவனுக்கு நெஞ்சு அடைத்துவிடும் போலிருக்கிறது. மாதம் ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் சம்பளம் வாங்குகிற மனிதன்.

பொடி தோசையின் ஓரம் முறுகல், நடு பஞ்சு. நல்லெண்ணெய் கை முழுக்க வழிந்தது. பூவா பெருமாள் பெயரைச் சொல்லி ஐந்தாவது தோசை வாங்கினான். நான் மூன்று. வயிறும் மனமும் நிறைந்துதான் வீட்டுக்கு வந்தேன். அதற்காகத் தனசிங் செய்தது சரியாகிவிடாது.

செப்டம்பர் 25, புதன்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

மூக்குக் கண்ணாடியின் திருகு கழன்றுவிட்டது. மதியம் நிஜாம் கடைக்குப் போனேன். நான் அவன் கடைக்குள் போய் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும். கதவைத் திறந்ததும் மார்கழி மாதம் போல ஒரு குளிர் அடித்தது. சுவரில் பெரிய ஏசி. பதினெட்டு என்று காட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே நாற்காலி போட்டு, சட்டையில் மேல் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு, நிஜாம் சுகமாக உட்கார்ந்திருந்தான். ஏசியில் உட்காரவே கூடாத நிஜாம்.

என்னைப் பார்த்ததும் ஒரு விநாடி விழித்தான். பிறகு கைக்குட்டையை எடுத்துத் தும்மினான். நாடகத்தில்கூட அப்படி ஒரு தும்மலை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

"லென்ஸ் மிஷினுக்காக ஏசி போட வேண்டியிருக்குடா" என்றான்.

"ஆமாம். மிஷினுக்கு வியர்க்கக் கூடாது" என்றேன்.

திருகை முடுக்கிக் கொடுத்தான். வெளியே வந்து, நடந்துகொண்டே யோசித்தேன். கஞ்சத்தனம் இல்லை. கஞ்சனாக இருந்தால் கடையில் ஏசியைப் பதினெட்டில் ஓட்ட மாட்டான். இவர்கள் வேறொன்றை மறைக்கிறார்கள். புரசைவாக்கத்து ஓட்டலுக்கு இவர்களுக்குத் தெரிந்த பெரிய மனிதர்கள் வருவார்கள். 'இவர் பேராசிரியர் அறவாழி' என்று முன்பு என்னை அறிமுகப்படுத்துவார்கள். இப்போது என்னவென்று அறிமுகப்படுத்துவது? அதனால்தான் முட்டுச்சந்து, இருட்டு, தள்ளுவண்டி. என்னோடு உட்கார்ந்திருப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாது.

கல்லூரி செய்ததைப் பொறுத்தேன். இதை எப்படிப் பொறுப்பது?

செப்டம்பர் 28, சனி

ஒரு பதிப்பகத்திலிருந்து ஆலோசனைக் கட்டணம் வந்திருந்தது. அந்தத் துணிச்சலில்தான் பேசினேன் என்று சொல்ல முடியாது. அது இல்லாவிட்டாலும் பேசியிருப்பேன்.

ஏகாம்பரத்தின் சுண்டல் வண்டி அருகே எல்லோரும் சேர்ந்ததும் சொன்னேன்: "இன்றைக்கு இங்கே வேண்டாம். புரசைவாக்கம். என் செலவு."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எதுக்குடா திடீர்னு?" என்றான் தனசிங்.

"நான் உங்களுக்கு விருந்து வைக்கக் கூடாதா?"

"பெருமாள் மாசம்டா, அங்க ஒரே கரண்டியத்தான் எல்லாத்துக்கும் போடுவான்" என்றான் பூவா.

"சைவப் பகுதி தனி மாடியில் இருக்கிறது. பத்து வருடமாகப் புரட்டாசியில் நீ அங்கேதான் சாப்பிட்டாய்."

நிஜாம் மூக்கைத் தொட்டான். "சைனஸ்..."

"அந்தப் பேச்சை எடுக்காதே, நிஜாம்."

அவன் கையை இறக்கினான். எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "நேராகச் சொல்லுங்களேன். வெளிச்சத்தில் என்னோடு உட்கார்ந்து சாப்பிட உங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. வேலையில் இருந்தவரை நண்பன். இப்போது தெருவோரத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் போகிற ஆள். அவ்வளவுதானே?"

தனசிங் வாயைத் திறந்து மூடினான். பதில் இருந்தால் சொல்லியிருப்பானே. நான் நடந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நாற்பது வருடத்துக்கு மேல் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். முடிந்தது.

செப்டம்பர் 29, ஞாயிறு

கைபேசி நான்கு முறை அடித்தது. எடுக்கவில்லை.

அக்டோபர் 2, புதன்

விடுமுறை. மங்கை ஒட்டடை அடித்தாள், நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். "சனிக்கிழமை போறீங்களா?" என்றாள். இல்லை என்றேன். மேலே இருந்தபடியே என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

அக்டோபர் 5, சனி

நான் இல்லாத சனிக்கிழமை இவர்கள் எங்கே போவார்கள் என்று எனக்குத் தெரியும். அதைக் கண்ணால் பார்த்துவிட்டால் கடிதத்தை எழுதி முடித்துவிடலாம் என்று ஆறு மணிக்குப் பேருந்து ஏறிப் புரசைவாக்கம் போனேன். ஓட்டலுக்கு எதிரே செருப்புக் கடை வாசலில் நின்றேன். அரை மணி நேரம் நின்றிருப்பேன். அளவு என்ன சார் என்று விற்பனைப் பெண் மூன்று முறை கேட்டுவிட்டாள். இவர்கள் வரவில்லை.

பேருந்தில் பெரம்பூர் திரும்பினேன். ரயில் நிலையத்தில் இறங்கியதும் தூரத்திலேயே பூவாவின் நாமம் தெரிந்தது. ஏகாம்பரத்தின் வண்டிக்குப் பக்கத்தில் மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நான்கு பேர் உட்காருகிற பெஞ்சு. ஓரத்தில் ஓர் ஆள் இடம் விட்டிருந்தார்கள். கூட்ட நேரத்தில் அந்த இடத்தில் தனசிங்கின் தலைக்கவசம் இருந்தது.

பெஞ்சுக்குப் பின்னால் சாமான் ஏற்றுகிற சிறு வண்டி ஒன்று நிறுத்தியிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் இன்னொரு பெஞ்சு. நான் போய் அதில் உட்கார்ந்தேன். ஏகாம்பரம் பார்த்துவிட்டார். "இன்னா மூணு சுழி சார்..." என்று தொடங்கினார். உதட்டில் விரல் வைத்தேன். அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு தட்டுச் சுண்டல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

ஒட்டுக்கேட்டேன். அதை வேறு சொல்லால் எழுத முடியாது.

"சைனஸ் இனிமே செல்லாது" என்று நிஜாம் சொல்லிக்கொண்டிருந்தான். "கடைக்குள்ளயே வந்து பாத்துட்டான். தும்மிக் காட்டினேன்."

"நீ தும்மினியா? ஸ்கூல் டிராமாலயே உனுக்கு மரம் வேஷம்தான் குடுத்தாங்க" என்றான் தனசிங்.

"வேற சீக்கு எதுனா யோசிங்கடா. பூவாவுக்கு மூலம்னு சொல்லிடலாம். குஷன் சீட்டு ஆவாது, மரப் பெஞ்சுதான் உக்காரணும்னு."

"எனக்கு எதுக்குடா மூலம்? உனக்கு வச்சுக்கோ. உன் சைனஸ் கீழ எறங்கிடுச்சுன்னு சொல்லு."

சிரித்தார்கள். பிறகு பூவா மெதுவாகச் சொன்னான்: "நேராச் சொல்லிடலாமாடா? வேலை கெடைக்கிற வரைக்கும் நாங்க பாத்துக்கறோம், நீ வாடா புரசவாக்கத்துக்குன்னு."

"சொல்லிப் பாரேன்" என்றான் தனசிங். "ஜூன் மாசம் இவன் ஒரு பில்லு குடுத்ததுக்கு ரெண்டு வாரம் மூஞ்சத் திருப்பிக்கினான். இத்தச் சொன்னா ஜென்மத்துக்கும் வர மாட்டான். அவன் பாக்கெட்ல இருக்கிறதுல அவனே குடுக்கிற மாதிரி எடமாப் பாத்துத்தான் போவணும். அதுக்குத்தானே அந்தச் சட்டமே போட்டேன்."

"போன வாரம் வெட்கம்னு சொன்னான் பாரு. எனக்கு ரெண்டு நாள் தூக்கம் வரல" என்றான் நிஜாம்.

"சொல்லட்டும். நம்மகிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்லுவான்?" என்றான் தனசிங்.

ஏகாம்பரம் கரண்டியைத் தட்டினார்.

"அவன் இல்லாம துன்றது துன்ற மாதிரியே இல்லடா" என்றான் பூவா. அவன் வாயிலிருந்து, சாப்பாட்டைப் பற்றி. "அந்தாளு சர்க்குலர் விட்டாரா இல்லயான்னு கூடத் தெரியல."

என் தட்டு அப்படியே இருந்தது. எழுந்து பின்பக்கமாக வீட்டுக்கு வந்தேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

மாவு அரைக்கும்போது மங்கையிடம் கேட்டேன்: "என் நிலைமை இவர்களுக்கு எப்படித் தெரியும்? வேலையை விட்டு ஆய்வு செய்கிறேன், பணத்துக்குக் குறைவில்லை என்றுதானே சொல்லியிருந்தேன்."

"தனசிங் அண்ணன் மார்க்கெட்ல கேட்டார். சொன்னேன்."

"வேறு யாருக்கெல்லாம் தெரியும்?"

"உங்களைத் தவிர எல்லாருக்கும்."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். கிரைண்டர்தான் சுற்றிக்கொண்டிருந்தது. ஆய்வு என்று எதுவும் இல்லை. ஜூன் மாதத்திலிருந்து ஒரு பக்கம் எழுதவில்லை. வந்தது ஆலோசனைக் கட்டணமும் இல்லை. பள்ளி வழிகாட்டி நூல் ஒன்றுக்கு மெய்ப்புப் பார்த்த கூலி. அதை மங்கையிடம் கொடுத்து மின்கட்டணம் கட்டச் சொன்னேன்.

இரக்கம் காட்டுகிறார்கள் என்று கோபப்படலாம். எனக்கு அது நன்றாக வரும். ஆனால் மூன்று வளர்ந்த ஆண்கள், எனக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்பதற்காக, யாருக்கு மூலம் என்று பெஞ்சில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொள்கிறார்கள். அதை நினைத்தால் கோபம் பாதியில் நின்றுவிடுகிறது.

அக்டோபர் 8, செவ்வாய்

மூன்று கடிதங்களையும் கிழித்தேன். சிவப்பிரகாசத்துக்கு எழுதியது மட்டும் இருக்கிறது. அது தனி.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. நேற்று பூசை போட்டதில் தெருவில் எல்லா வண்டிக்கும் சந்தனப் பொட்டு, வாழைக்கன்று. நடுத்தெருவில் உடைத்த பூசணிக்காயைத் தாண்டித் தாண்டி ரயில் நிலையத்துக்கு நடந்தேன். கால் கொஞ்சம் தயங்கியது. அங்கே இல்லாவிட்டால் என்ன செய்வது என்று இருந்தது.

இருந்தார்கள். தனசிங் என்னைப் பார்த்ததும் தலைக்கவசத்தைப் பெஞ்சிலிருந்து எடுத்துக் கீழே வைத்தான். உட்கார்ந்தேன்.

"போன வாரம் எனக்கு உடம்பு சரியில்லை" என்றேன்.

"தெரியும்" என்றான் தனசிங். அவனுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

நிஜாம் தொண்டையைக் கனைத்தான். மூன்று பேரும் முன்பே பேசிவைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. "அறவா, நீ சொன்ன மாதிரி புரசவாக்கத்துக்கே போலாம்டா. உன் விருந்துதான். எனக்கு மூக்கு இப்பப் பரவால்ல."

என் மானம் போகக் கூடாது என்று அவ்வளவு பாடுபட்டுக் கட்டிய சட்டத்தை, என் மானத்துக்காகவே உடைக்க வந்திருந்தார்கள். சட்டைப் பையில் எவ்வளவு இருந்தது என்று எனக்குத் தெரியும். சரி என்று சொல்லியிருந்தால் மங்கையிடம்தான் போய் நிற்க வேண்டும்.

"ஏசி எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. கண் எரிகிறது" என்றேன்.

"எப்பலேர்ந்து?" என்றான் நிஜாம்.

"ஒரு வாரமாக."

"டாக்டரப் பாத்தியா?" என்று தனசிங் கேட்டான். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"பார்த்தேன். மெனு கார்டு எதையும் படிக்கக் கூடாது என்றார்."

பூவா என்னைப் பார்த்தான், தனசிங்கைப் பார்த்தான், திரும்ப என்னைப் பார்த்தான். "நல்ல டாக்டர்டா. மொதல்லயே அவர்கிட்ட போயிருக்கலாம்" என்றான். நிஜாம் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது.

ஓட்டேரிக்குப் போய்க் கொத்து பரோட்டா சாப்பிட்டோம். பூவாவுக்காகக் காய்கறிக் கொத்து. கல்லைக் கழுவிவிட்டுப் போடச் சொல்லிப் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தான். மாஸ்டர் இரண்டு தகட்டாலும் அடிக்கிற அடியில் நாங்கள் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. சிவப்பிரகாசம் ஆயுத பூசைக்கு விட்ட வாழ்த்தைக் கத்திக் கத்திச் சொன்னேன். 'ஆயுத பூசை நாளில் அனைவரும் வளம் பெருக' என்று எழுதியிருந்தார்.

"அதுல இன்னாடா தப்பு?" என்று கத்தினான் தனசிங்.

"வல்லின ற வர வேண்டும். இவர் இடையினத்தைப் போட்டு வளத்தைப் பெருக்கிவிட்டார்."

"அப்ப நல்லதுதான சொல்லிக்கீறாரு."

முதல் முறையாக அந்த மனிதர் பக்கம் ஒரு நியாயம் இருப்பது போலத் தோன்றியது. உடனே மறுத்துவிட்டேன். வீட்டுக்கு வரும்போது நான்கு பேரும் சாலையை அடைத்துக்கொண்டு நடந்தோம். பின்னால் வந்த ஆட்டோக்காரர் "பெருசுங்களா, ஓரம் போங்க" என்றார். போனோம்.

அக்டோபர் 16, புதன்

மழை. பள்ளி விடுமுறை. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர்.

மங்கை வாசலில் நனைந்து கிடந்த இலவச வாரப் பத்திரிகையைப் பிரித்துக் காயவைத்தாள். 'பேட்டை முரசு' என்று பெயர். பெரும்பாலும் வீட்டு வாடகை விளம்பரம்தான். அதில் ஓர் அறிவிப்பு. பெரம்பூர் வட்டாரத்தில் பையைக் கடிக்காமல் நண்பர்களோடு மாலை கழிக்க ஏற்ற இடங்களைப் பற்றி வாசகர்கள் எழுதலாமாம். மங்கை அதை என் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

'எழுதி அணுப்பவும்' என்று போட்டிருந்தார்கள். பேனாவை எடுத்துத் திருத்தினேன். எடுத்த பேனாவை மூடவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

நான்கு நாளாக எழுதினேன். ஐந்து மாதத்தில் முழுதாக முடித்த முதல் எழுத்து இது.

கடைகளைப் பற்றித்தான் எழுதினேன். ஏகாம்பரத்தின் சுண்டல், வியாசர்பாடி அத்தோ, கௌசல்யாக்காவின் பொடி தோசை, ஓட்டேரி கொத்து. எந்த நேரம் போனால் சூடாகக் கிடைக்கும், எங்கே உட்காரலாம், எங்கே நின்றுதான் ஆக வேண்டும் என்று எல்லாம். ஆனால் நான் என்று எழுதவில்லை. பக்கத்துப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிற ஒருவன் எழுதுவதாக எழுதினேன். அவன் சனிக்கிழமைதோறும் நான்கு நண்பர்களைப் பார்க்கிறான். அவர்களில் ஒருவன் ஓயாமல் யாரையாவது திட்டிக்கொண்டே சாப்பிடுகிறான். மற்ற மூவரும் அதைக் கேட்பதற்காகவே வருவது போலத் தெரிகிறது. எவ்வளவு கூட்டம் இருந்தாலும் அவனுக்கு ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். அந்தத் திட்டுகிறவன் அதிர்ஷ்டக்காரன், அது அவனுக்குத் தெரியுமா என்று பக்கத்துப் பெஞ்சுக்காரனுக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான்.

மங்கை படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "பேர் போடலையே" என்றாள்.

ஒரு மாதம் முன்பு என்றால் சிவப்பிரகாசம் பார்த்துவிடுவார், அறவாழி தள்ளுவண்டியில் சாப்பிடுகிறான் என்று ஆசிரியர் அறையில் சிரிப்பார்கள் என்று பெயரை விட்டிருப்பேன். இப்போது அவர்கள் சிரிக்கட்டும். பேராசிரியர் அறவாழி என்று அச்சில் பார்க்க எனக்கு ஆசையாகவும் இருக்கிறது. வெகுநாளாயிற்று.

ஆனால் பூவா அந்தப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிப்பவன். என் பெயரைப் பார்த்தால் நான் அன்றைக்கு ஒட்டுக்கேட்டுவிட்டேன் என்று மூன்று பேருக்கும் தெரிந்துவிடும். பிறகு நிஜாம் தும்ம மாட்டான். தனசிங் அட்டையைப் பிடுங்க மாட்டான். என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர்களுக்குச் சங்கடம், எனக்கும் சங்கடம். இரண்டு வாரத்தில் சனிக்கிழமைக்கு ஆளுக்கொரு வேலை வந்துவிடும். அவர்கள் எனக்காக மறைத்தார்கள். அவர்களுக்காக நானும் ஒன்றை மறைத்து வைக்கிறேன்.

உறையை ஒட்டிவிட்டேன். அனுப்புநர் என்ற இடம் வெறுமையாகவே இருக்கிறது. நாளைக் காலை பால் வாங்கப் போகும்போது, பெயரில்லாமலே, தபால் பெட்டியில் போட்டுவிடுவேன்.